வால்வு ஆம்ப்ளிஃபயர்: சொல்லும் பொருளும்

வால்வு (பெயர்ச்சொல்): 1. நீரோ வாயுவோ செல்லும் வழியைத் திறந்து மூடும் உறுப்பு. 2. இதயத்தில் ரத்தம் வந்த வழியே திரும்பாமல் தடுக்கும் இதழ். 3. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலுக்குள் எலக்ட்ரான்களின் ஓட்டத்தை ஆளும் கருவி.

தமிழில் இந்த மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டலில்தான் புழங்குகின்றன. சைக்கிள் டியூபில் இருப்பதும் வால்வு, மருத்துவர் மாற்ற வேண்டும் என்பதும் வால்வு, பழைய ரேடியோவின் பின்பக்கத்தில் செம்மஞ்சளாக ஒளிர்ந்ததும் வால்வு. (ஊதுகொம்புகளில் விரலால் அழுத்தும் வால்வு இசைக்கருவியில் இருந்தாலும் முதல் பொருளைச் சேர்ந்தது; அது காற்றின் வழியை மாற்றுகிறது.) வீட்டில் வாசிக்கச் சிறிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர் தேடுகிறவருக்கு வேண்டியது மூன்றாவது பொருள். பெட்டியின் மேல் 'வால்வு' என்று எழுதியிருந்தால் மதிப்பு கூடிவிடுகிறது, விலையும் பெரும்பாலும் கூடிவிடுகிறது. அந்தச் சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

இலத்தீனில் 'வால்வா' என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை. ஆங்கிலத்துக்கு முதலில் வந்ததும் இதே பொருளில்தான். ஒரு பக்கமிருந்து தள்ளினால் திறந்து, மறுபக்கமிருந்து தள்ளினால் தானே சாத்திக்கொள்ளும் இதய மடிப்புகளுக்கு உடற்கூறு அறிஞர்கள் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நம் பாடநூல்களில் உள்ள 'ஈரிதழ் வால்வு', 'மூவிதழ் வால்வு' என்ற பெயர்களில் அந்தக் கதவுப் பலகையே இதழாகியிருக்கிறது.

மின்னியலுக்கு இந்தச் சொல் வந்தது பல்பு வழியாக. 1880களில் பல்புக் கண்ணாடி உள்ளே கறுத்துப்போவதை எடிசன் ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்புக்குள் கூடுதலாக ஒரு தகட்டை வைத்தபோது, சூடான இழைக்கும் தகட்டுக்கும் இடையே வெற்றிடத்தின் வழியாகவே மின்சாரம் பாய்ந்தது. அதுவும் ஒரே திசையில். ஜே. ஜே. தாம்சன் 1897இல் எலக்ட்ரானைக் கண்டறியும்வரை அதன் காரணம் தெளிவாகவில்லை. எடிசனின் லண்டன் நிறுவனத்துக்கும் பின்னர் மார்க்கோனியின் நிறுவனத்துக்கும் ஆலோசகராக இருந்த ஜான் அம்புரோஸ் ஃபிளெமிங், 1904இல் இந்த ஒருவழிப் போக்கை வானொலி அலைகளை உணரும் கருவியாக மாற்றினார். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவதால் அதை வால்வு என்றார். கதவுக்கும் இதயத்துக்கும் பொருந்திய சொல் இங்கும் அப்படியே பொருந்தியது.

பெயருக்கும் பொருளுக்கும் இடையே விரிசல் விழுந்தது அடுத்த அடியில். 1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். அதன்பின் கருவியின் முதன்மை வேலை ஒருவழிப்படுத்துவது என்ற நிலை போய், சிறிய மின்னழுத்தத்தைக் கொண்டு பெரிய ஓட்டத்தை ஏற்றி இறக்குவது என்று ஆயிற்று. பிரிட்டன்காரர்கள் பெயரை மாற்றவில்லை. அமெரிக்கர்கள் 'டியூப்' என்கிறார்கள், ஜெர்மானியர்களும் குழாய் என்றே அழைக்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'விளக்கு' என்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தோற்றத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். பிரிட்டன்காரர்களும் இத்தாலியர்களும் செயலைப் பார்த்து வைத்தார்கள். ஆனால் அது கருவியின் முதல் பிறவியின் செயல்.

கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் விளங்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் மிகப் பரவலானது 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியப் பெயர் இசிசி83. கட்டைவிரல் அளவுக் கண்ணாடி, அடியில் ஒன்பது ஊசிகள். உச்சியில் உட்புறமாகக் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். அது எஞ்சிய வாயுக்களை உறிஞ்சிக்கொள்ளும் பேரியம். உள்ளே காற்று புகுந்துவிட்டால் அந்தப் பளபளப்பு பால்வெள்ளையாகிவிடும். பழைய பெட்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சாம்பல் நிறத் தகட்டுக்குள் மெல்லிய கம்பிச் சுருள் (டி ஃபாரஸ்ட் சேர்த்த கம்பிவலை இதுதான்), அதற்குள் எதிர்மின்வாய், அதற்கும் உள்ளே சூடேற்றும் இழை. ஒரே கண்ணாடிக்குள் இப்படி இரண்டு தொகுதிகள் உண்டு. ஐரோப்பியப் பெயரில் அடுத்தடுத்து வரும் இரண்டு 'சி'க்களும் அந்த இரண்டு மும்முனையங்களைத்தான் (தகடு, சுருள், எதிர்மின்வாய் என மூன்று மின்முனைகள் கொண்டவை) குறிக்கின்றன. 'இ' என்றால் இழைக்கு 6.3 வோல்ட். இஎல்84 என்ற பெயரில் உள்ள 'எல்' ஸ்பீக்கரை ஓட்டும் வெளியீட்டுக்கான ஐம்முனையம், அதாவது ஐந்து மின்முனைகள் கொண்டது. அமெரிக்கப் பெயர்களில் முன்னே நிற்கும் 12, 6 போன்ற எண்களும் இழையின் வோல்ட் அளவே; 12ஏஎக்ஸ்7இன் இழையை 12.6 வோல்ட்டிலும் 6.3 வோல்ட்டிலும் இயக்கலாம்.

கிட்டாரின் கம்பி அதிரும்போது, அந்த அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது வோல்ட்டின் ஒரு சிறு பகுதி. அது கம்பிச் சுருளுக்குப் போகிறது. சுருளின் அழுத்தம் துளி அசைந்தால், எதிர்மின்வாயிலிருந்து தகட்டுக்குப் பாயும் ஓட்டம் பெரிதாக அசைகிறது. மதகின் பலகையை விரலால் தொட்டு வாய்க்கால் முழுவதையும் ஆட்டுவது போன்ற வேலை. அளவுக்கு மீறிச் செலுத்தினால் வால்வு ஓட்டத்தைச் சட்டென்று வெட்டுவதில்லை. அலையின் உச்சி மெதுவாக மழுங்குகிறது. அப்போது புதிய மேற்சுரங்கள் சேர்கின்றன, ஒலி தடிக்கிறது. மென்மையாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் கரகரப்பு என்று விரலுக்குப் பணிந்து போகும் இந்தக் குணத்துக்காகத்தான், 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகும் கிட்டார்காரர்கள் வால்வை விடவில்லை. பொறியியலின் கணக்கில் இது குறை. கிட்டாரின் கணக்கில் இதுவே சரக்கு.

தமிழில் என்ன சொல்வது? 'அடைப்பிதழ்', 'தடுக்கிதழ்' என்பவை இதயத்துக்கு அழகாகப் பொருந்துகின்றன. கண்ணாடிக் கருவிக்குள் இதழும் இல்லை, அடைப்பும் இல்லை. 'ஓரதர்' என்றொரு ஆக்கம் உண்டு. அதர் என்றால் வழி. ஓரதர் என்றால் ஒருவழி. ஃபிளெமிங்கின் கருவிக்கு இதைவிடக் கச்சிதமான சொல் கிடைக்காது, ஆனால் கம்பிவலை சேர்ந்த கருவிக்கு இது பாதி உண்மைதான். 'வெற்றிடக் குழல்' அமெரிக்க வழக்கின் மொழிபெயர்ப்பு. பிழையில்லாத சொல், படித்தவுடன் புரிகிறது. ஒரே சங்கடம், இசை பற்றி எழுதும்போது 'வெற்றிட' என்பதை விட்டுவிட்டுச் சுருக்கிக் 'குழல் பெருக்கி' என்றால், புல்லாங்குழலுக்கு ஏதோ செய்கிறார்கள் என்று வாசகர் நினைப்பார். செயலை வைத்துப் பெயர் தேடினால் 'மின்மதகு' என்று ஒன்றை ஆக்கலாம். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் யாரும் சொல்லாத சொல்லை வைத்துக்கொண்டு கடையில் எதையும் கேட்க முடியாது. என் பரிந்துரை: முதல் முறை 'வெற்றிடக் குழல்' என்று எழுதி விளக்கிவிட்டு, பிறகு 'வால்வு' என்றே எழுதலாம். வால்வு ரேடியோ காலத்திலிருந்து தமிழில் வேரூன்றிய சொல் அது.

ஆம்ப்ளிஃபயரில்தான் குழப்பம் அதிகம். பலரும் 'ஒலிபெருக்கி' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் கம்பத்தில் கட்டும் ஸ்பீக்கருக்கு எப்போதோ போய்விட்டது. இயற்பியல் பாடநூல்கள் ஆம்ப்ளிஃபயரைப் 'பெருக்கி' என்கின்றன. அதுவே சரி, ஏனெனில் அது பெருக்குவது மின்குறிகையை (சிக்னலை), ஒலியை உண்டாக்குவது ஸ்பீக்கர். சிறிய கிட்டார் பெட்டிகளில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் மயக்கம் கூடுகிறது. வாங்கும்போது இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

இனி 'வால்வு' என்ற முத்திரைக்கு வருவோம். ஒரு பெருக்கிக்குள் வால்வு மூன்று இடங்களில் இருக்கலாம்: கிட்டாரின் குறிகையை முதலில் ஏந்தும் முன்பெருக்கி, ஸ்பீக்கரை ஓட்டும் வெளியீட்டு நிலை, மாறுமின்னோட்டத்தை நேராக்கும் அலைதிருத்தி. 1950களின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் சாம்ப் என்ற சிறு பெருக்கியில் மூன்றும் உண்டு: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, அலைதிருத்தியாக ஒரு 5ஒய்3. இன்றைய பெட்டிகள் பலவற்றில் அலைதிருத்தி வேலையைச் சிலிக்கான் டையோடுகள் செய்கின்றன. அப்படியிருந்தும் 'முழு வால்வு' என்றே விற்கிறார்கள். அதை மோசடி என்று சொல்ல மாட்டேன், ஒலியின் பாதையில் இருப்பவை எல்லாம் வால்வுகளே. ஆனால் வேடிக்கை என்னவென்றால், வெளியே போன அந்த ஒன்றுதான் ஃபிளெமிங் பெயர் வைத்த அசல் வால்வின் நேர் வாரிசு.

கவனிக்க வேண்டியது வேறொன்று. முன்பெருக்கியில் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7, வெளியீடு முழுக்க டிரான்சிஸ்டர் என்ற கலப்பு வகைகளும் 'வால்வு' என்ற சொல்லைத் தாங்கி வருகின்றன. ஆரஞ்சு நிறுவனத்தின் மைக்ரோ டெரர் இந்த வகை. 20 வாட், கையடக்கம், நல்ல கருவி. எனினும் வெளியீட்டு வால்வு அழுத்தப்படும்போது வரும் மழுங்கலை விரும்புகிறவருக்கு அது கிடைக்காது. எனவே விவரத்தாளில் 'வால்வு' என்ற சொல்லைத் தேடாமல் 6வி6, இஎல்84 போன்ற வெளியீட்டு வால்வின் பெயரைத் தேடுங்கள். ஒற்றை இஎல்84 ஏறக்குறைய 5 வாட் தரும். இரண்டை எதிரெதிராக இணைத்தால் அது இரு மடங்குக்கும் மேல் போகும்.

அடுத்து வாட். பலரும் வாட்டைச் சத்தத்தின் அளவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆற்றல் பத்து மடங்கானால்தான் காதுக்கு இரு மடங்காகக் கேட்கும். அதாவது 50 வாட் பெட்டியில் பாதிச் சத்தம் வேண்டுமென்றால் 5 வாட்டுக்கு வர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் உணர்திறன் மிக்கவை. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 97 டெசிபெல் தருபவை சாதாரணம். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல். ஆகவே 1 வாட் வால்வுப் பெருக்கியை முழுதாகத் திருகினாலும் அடுத்த அறையில் இருப்பவர் எழுந்து வருவார். 5 வாட் என்றால் பகலில், அதுவும் வீட்டில் ஆளில்லாதபோது.

அப்படியானால் வழி? முதல் வழி, கெயின் (முன்பெருக்கியின் அளவு), மாஸ்டர் (மொத்தச் சத்தத்தின் அளவு) என இரண்டு குமிழ்கள் உள்ள பெட்டி. மாஸ்டரைத் தாழ்த்திக் கெயினை ஏற்றினால் முன்பெருக்கி வால்வு மழுங்கத் தொடங்கும், வெளியீட்டு வால்வு ஓய்வாக இருக்கும். கிடைப்பது முழு விருந்து இல்லை, ஆனால் வீட்டுக்கு இதுவே பெரும்பாலும் போதும். இரண்டாவது, ஆற்றலைக் குறைக்கும் சுவிட்ச். சில பெட்டிகள் 5 வாட்டை 1 வாட்டுக்கோ அதற்கும் கீழேயோ இறக்குகின்றன. மூன்றாவது, பெருக்கிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் பூட்டும் அட்டென்யூவேட்டர். வெளியீட்டின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். எதைச் செய்தாலும் தாழ்ந்த ஒலியில் ஸ்பீக்கரின் கூம்பு அவ்வளவாக அசையாது, நம் காதும் தாழ்ந்த ஒலியில் கனத்த சுரங்களைக் குறைத்தே கேட்கும். அந்த வித்தியாசத்துக்கு வால்வைக் குறை சொல்லிப் பயனில்லை. 6 அங்குல, 8 அங்குல ஸ்பீக்கரைவிட 10 அல்லது 12 அங்குலம் வைத்தால் ஒலி நிறைவாக இருக்கும். பெட்டி பெரிதாகும், அவ்வளவுதான்.

இரவில் ஹெட்ஃபோனில் வாசிப்பவர், அந்த வசதி பெட்டியிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். டிரான்சிஸ்டர் பெட்டியில் ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டாலும் பொதுவாகச் சேதமில்லை. வால்வுப் பெட்டியில் வெளியீட்டு மின்மாற்றிக்கு எப்போதும் ஒரு சுமை வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் மின்மாற்றியோ வால்வோ பழுதாகிவிடலாம். பெட்டி 8 ஓம் கேட்டால் 8 ஓம் ஸ்பீக்கரையே பூட்டுங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் அதைப் பிடித்துவைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறிய முன்பெருக்கி வால்வை அதன் சாக்கெட்டிலிருந்து எடுத்து மாற்றுவதை யாரும் செய்யலாம். அடித்தட்டைத் திறப்பது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.