ஷேவிங் சோப்பு நுரை ஏன் கலையாம நிக்குது?

குளிக்கிற சோப்ப ஷேவிங் பிரஷ்ல தேச்சு தாடிக்குப் போட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும், நுரை என்னவோ பொங்கிப் பொங்கித்தான் வரும், ஆனா ஒரு கன்னத்த வழிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னொரு கன்னத்துல காஞ்சு வெள்ளையா பொருக்குத் தட்டிடும். சலூன்ல அண்ணன் கிண்ணத்துல குழைச்சுப் போடுற நுரை மட்டும் கெட்டித் தயிர் மாதிரி போட்ட இடத்துலயே உக்காந்திருக்கும். ரெண்டுமே சோப்பு, தண்ணி, காத்து இந்த மூணுதான். அப்ப எது மாறுது? வீட்டுல ஷேவிங் சோப்பு செய்ய ஆரம்பிச்சதுலருந்து என்னை விடாம பிடிச்சுக்கிட்ட கேள்வி இது.

முதல்ல நுரைக்கு என்ன வேலைன்னு பாத்துடலாம். தாடி முடி கெரட்டின்ங்கற புரதத்தால ஆனது, காஞ்சு இருக்கும்போது நல்லா முரடா இருக்கும், ரெண்டு மூணு நிமிஷம் தண்ணில ஊறினா தடிச்சு மெத்துன்னு ஆயிடும், அப்பதான் பிளேடு இழுக்காம வெட்டும். முடி மேல இருக்குற எண்ணெய்ப்பசைய சோப்பு எடுத்துடும் சரி, ஆனா தண்ணிய எப்படி மூஞ்சில நிறுத்தி வைக்கிறது, ஊத்தினா வழிஞ்சு ஓடிடுமே. அங்கதான் நுரை வருது. நுரைங்கறது தண்ணிய ஓட விடாம கட்டி வைக்கிற ஏற்பாடு, அவ்ளோதான். அதனால பெரிய பெரிய குமிழி வந்து நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, கண்ணுக்கே தெரியாத பொடிக் குமிழியா, சுவர்ல நிறைய தண்ணி பிடிச்சு வச்சிருக்கிற குமிழியா வேணும்.

நுரை எப்படி சாகுதுன்னு பாக்க பாத்திரம் கழுவின சிங்க்கையே பாக்கலாம். குமிழிச் சுவர்ல இருக்கிற தண்ணி மெல்ல மெல்ல கீழ வடியும், சுவர் மெலிஞ்சுக்கிட்டே போய் ஒரு கட்டத்துல பட்டுன்னு கிழிஞ்சிடும். இது கூடவே இன்னொண்ணும் சத்தமில்லாம நடக்குது: சின்னக் குமிழிக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி, பெரிய குமிழிக்குள்ள கம்மி, அதனால சின்னதுல இருக்கிற காத்து சுவர் வழியா பெரியதுக்குள்ள போயிக்கிட்டே இருக்கும், சின்னது சுருங்கிக் காணாமப் போகும், பெரியது இன்னும் பெருசாகும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா சிங்க்ல நாலஞ்சு பெரிய குமிழி மட்டும் மிஞ்சி நிக்கிறது இதனாலதான். இது ரெண்டையும் மெதுவாக்குற சோப்புதான் நமக்கு வேணும்.

இப்ப சோப்புக்குள்ள போவோம். ஒரு சோப்பு மூலக்கூறுக்கு தண்ணியப் பிடிக்கிற தலை ஒண்ணு, தண்ணிய வெறுக்கிற கார்பன் வால் ஒண்ணு, அந்த வால் எவ்ளோ நீளம்ங்கறதுதான் இங்க எல்லாமே. தேங்காய் எண்ணெய்ல கிட்டத்தட்ட பாதி லாரிக் ஆசிட், அதுக்கு 12 கார்பன். குட்டையா இருக்கறதால தண்ணில சுலபமா கரைஞ்சு புதுசா உருவாகுற குமிழிச் சுவருக்கு ஓடிப் போய் ஒட்டிக்கும், அதனாலதான் தேங்காய் எண்ணெய் சோப்பு தொட்டவுடனே நுரைக்குது, ஆனா அந்தச் சுவர் இளகலா இருக்கும், சீக்கிரம் வடிஞ்சிடும், தோலையும் வறட்டும். ஸ்டியரிக் ஆசிட்டுக்கு 18 கார்பன், வளைவு இல்லாத நேரான வால். இதோட சோப்பு சுவருக்கு வந்து சேர நேரம் எடுக்கும், ஆனா வந்துட்டா தீப்பெட்டிக்குள்ள குச்சி அடுக்கின மாதிரி நெருக்கமா நின்னுடும். சுவர் விறைப்பாயிடும், குமிழிகளுக்கு நடுவுல இருக்கிற தண்ணியும் கூழ் மாதிரி கெட்டியாயிடும். கூழ் அவ்ளோ சீக்கிரம் வடியாதில்லையா. கேன்ல அமுக்கினா வர்ற ஷேவிங் ஃபோம்லயும் பெரும்பாலும் இதே ஸ்டியரிக் ஆசிட்தான் இருக்கும், அதச் சோப்பாக்குற காரம் (ஆல்கலி) மட்டும் வேற.

இந்த ஆசிட்டப் பிரிச்சுப் பேர் வச்சவர் செவ்ரோல்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர், கொழுப்பு பத்தின அவரோட ஆராய்ச்சி 1823ல புத்தகமா வந்துச்சு, ஸ்டியர்னா கிரேக்க மொழில கெட்டியான விலங்குக் கொழுப்பு. 1825ல அவரும் கே லுசாக்ங்கற இன்னொரு வேதியியலாளரும் சேந்து இத வச்சு மெழுகுவத்தி செய்யக் காப்புரிமை வாங்கினாங்க, இன்னைக்கும் மெழுகுவத்தி செய்றவங்க வாங்குற சாமான்ல இது உண்டு.

சரி, ஸ்டியரிக் ஆசிட்ட வாங்கி காஸ்டிக் சோடாவப் போட்டா முடிஞ்சுதான்னா, இல்ல. காஸ்டிக் சோடாங்கறது சோடியம் உள்ள காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு). அதுல கிடைக்கிற சோப்பான சோடியம் ஸ்டியரேட் பச்சத் தண்ணில கிட்டத்தட்ட கரையவே கரையாது, கல்லு மாதிரி கட்டியா கெடக்கும், பிரஷ் வச்சு எவ்ளோ தேச்சாலும் ஒண்ணும் வராது. அதுக்கு பதிலா காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போடணும். பொட்டாசியம் அயனி சோடியத்தவிட பெருசு, சோப்பு மூலக்கூறெல்லாம் நெருங்கி இறுகிக்க முடியாம ஒரு தளர்வு வந்துடும், தண்ணி உள்ள பூந்து கரைச்சிடும். சாம்பல்ல பொட்டாசியம் இருக்கு, நம்ம ஊர்ல துணி வெளுக்கப் பயன்படுத்தின உவர்மண்ல சோடியம் இருக்கு, ரெண்டும் அழுக்கெடுக்கும், ஆனா சோப்பாக்கினா இவ்ளோ வித்தியாசம். முழுக்க பொட்டாசியமே போட்டா சோப்பு களிம்பு மாதிரி கொழகொழன்னு இருக்கும், அதனால வில்லையா நிக்கறதுக்காக கொஞ்சம் சோடியமும் சேத்துக்கறேன்.

நான் போடுற அளவு இதுதான்: ஸ்டியரிக் ஆசிட் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம், 90 சதவீத சுத்தம் உள்ள காஸ்டிக் பொட்டாஷ் 69 கிராம், காஸ்டிக் சோடா 15 கிராம், ஆர்ஓ தண்ணி 220 கிராம், கடைசியா கிளிசரின் 30 கிராம். இந்தக் கணக்குல காரம் தேவையவிட 5 சதவீதம் போல கம்மியா இருக்கும், வேணும்னேதான், ஏன்னு கீழ சொல்றேன். ஸ்டியரிக் ஆசிட்டுக்கு ஆசிட் வேல்யூன்னு ஒரு எண் உண்டு, ஒரு கிராம் ஆசிட்டுக்கு எத்தன மில்லிகிராம் சுத்தமான காஸ்டிக் பொட்டாஷ் வேணும்ங்கற கணக்கு அது, நான் 205ன்னு வச்சுக் கணக்குப் போட்டிருக்கேன், உங்களுக்குக் கிடைக்கிறது வேற எண்ணா இருந்தா மறுபடி கணக்குப் போடணும். ஒரு கிராம் வரைக்குமாவது சரியாக் காட்டுற டிஜிட்டல் தராசு இல்லாம இதுல இறங்காதீங்க.

காரம் விளையாட்டுச் சாமான் இல்ல. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், காரத்தத்தான் தண்ணில கொஞ்சம் கொஞ்சமா போடணும், தண்ணிய காரத்து மேல ஊத்தவே கூடாது, சூட்டுல தெறிச்சிடும். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்துல ஊத்தினா ஹைட்ரஜன் வாயுவக் கிளப்பி பாத்திரத்தையே அரிச்சிடும். தோல்ல பட்டா வினிகர் தேடிக்கிட்டு நிக்காம ஓடுற தண்ணில ரொம்ப நேரம் கழுவணும். கண்ணுல பட்டாலும் அப்படியே கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

செய்யறப்போ எது முதல்ல, எது அப்புறம்ங்கறதுலதான் பல பேரு கோட்டை விடுறாங்க. ஆரம்பத்துல நானும் எண்ணெய்யும் ஸ்டியரிக்கும் ஒண்ணா உருக்கி அதுல காரத்த ஊத்தினேன், ஊத்தின நொடியே உப்புமா மாதிரி கட்டி கட்டியா திரண்டுடுச்சு, கரண்டியே நகரல. என்னன்னா, எண்ணெய் சோப்பாக நேரம் எடுக்கும், ஏன்னா அதுல கொழுப்பு அமிலம் கிளிசரினோட பிணைஞ்சு கெடக்கு, அத உடைக்கணும். ஸ்டியரிக் ஏற்கனவே தனி ஆசிட், காரத்தப் பாத்ததும் உடனே பாஞ்சிடும். அப்ப காரத்த முதல்ல ஸ்டியரிக் சாப்பிட்டுடுது, கம்மியா வச்ச 5 சதவீதத்துக்கு கடைசில மாட்டிக்கறது தேங்காய் எண்ணெய். சோப்பா மாறாத எண்ணெய் நுரைக்கு எதிரி, குமிழிச் சுவர்ல ஒட்டி உடைச்சுவிட்டுடும்.

அதனால இப்ப திருப்பிச் செய்யறேன். பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிக்க விட்டு அதுக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு, தேங்காய் எண்ணெய்யோட மொத்தக் காரத்தையும் சேத்து ஒரு மணி நேரம் கிண்டி எண்ணெய்ய முழுசா சோப்பாக்கிடறேன். சுத்தமான ஸ்டியரிக் உருகவே 69 டிகிரி வேணும், அதனால அதத் தனியா 85 டிகிரி போல உருக்கி வச்சிருந்து அப்புறம் மெல்ல ஊத்திக் கிண்டறேன். இப்ப காரம் பத்தாம மிஞ்சி நிக்கிறது சுமார் 20 கிராம் ஸ்டியரிக் ஆசிட். இந்த மிச்சம் நல்ல மிச்சம், சோப்போட சேந்து சுவர்ல நின்னு நுரைய இன்னும் கனமாக்கும். எடுத்த எடுப்புல சொன்ன அந்தத் தயிர் பதம் எனக்கு இந்த மாத்தத்துக்கு அப்புறம்தான் கிடைச்சுது. பாத்திரம் மட்டும் தேவையவிட ரெண்டு மடங்கு பெருசா எடுங்க, பொட்டாஷ் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைட உறிஞ்சி கொஞ்சம் கார்பனேட்டா மாறியிருக்கும், ஸ்டியரிக் பட்டதும் அந்த வாயு வெளிய வந்து பால் பொங்குற மாதிரி பொங்கும். கிளிசரின் ஏன் தனியா சேக்கணும்னா, எண்ணெய் உடையும்போது மட்டும்தான் அது தானா கிடைக்கும், ஸ்டியரிக்லருந்து வர்றது வெறும் தண்ணிதான்.

மஞ்சள் தண்ணி வச்சு காரம் மிச்சம் இருக்கான்னு பாக்கலாம்னு சில பேர் சொல்றாங்க. மஞ்சள் காரத்துல சிவக்கும், வாஸ்தவம்தான், ஆனா நல்ல சோப்போட பிஹெச்சே 9, 10 இருக்கும், அதுலயும் சிவக்கத்தான் செய்யும். அத நம்பாதீங்க, எடை சரியா இருக்கிறதுதான் பாதுகாப்பு.

இவ்ளோ செஞ்சும் தண்ணி கெடுத்துடலாம். எங்க வீட்டு போர் தண்ணி உப்பு, அதுல இருக்கிற கால்சியம் சோப்போட சேந்து கரையாத கால்சியம் ஸ்டியரேட்டா பிரிஞ்சிடும், பக்கெட் ஓரத்துல ஒட்டுற அந்த வெள்ளப் படலம் இதுதான். கொஞ்சம் சோப்பு வீணாப்போனா போகட்டும்னு விட முடியாது, ஏன்னா அந்தத் துகள் தண்ணிய ஒட்ட விடாது, குமிழிச் சுவர்ல போய் உக்காந்து ஓட்ட போட்டுடும். ஒரே சோப்ப ரெண்டு கண்ணாடி டம்ளர்ல, ஒண்ணு போர் தண்ணில இன்னொண்ணு ஆர்ஓ தண்ணில குழைச்சு பத்து நிமிஷம் வச்சுப் பாத்தேன், போர் தண்ணி டம்ளர்ல அடியில கலங்கலா தண்ணி தேங்கி மேல நுரை பொத்தல் பொத்தலா நின்னுச்சு, இன்னொண்ணுல பிரஷ் போட்ட தடம் கூட அழியல. குடிக்கிற தண்ணில கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும்னு இந்தியத் தர அளவு சொல்லுது, போர் தண்ணில அதுக்கும் மேல போற ஊருங்க இருக்கு. சோப்பு செய்யறப்பவே சிட்ரிக் ஆசிட் 8 கிராம் சேத்தா கால்சியத்தக் கொஞ்சம் கட்டிப் போடும், ஆனா அதுவும் காரத்தச் சாப்பிடும், இந்த 90 சதவீதப் பொட்டாஷ்ல இன்னும் 8 கிராம் போல கூட்டணும். அதவிட ஷேவிங்குக்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணி எடுத்து வச்சுக்கறது சுலபம்.

சோப்ப கிண்ணத்துல அமுக்கி ரெண்டு மூணு வாரம் ஆற விட்டுட்டா தண்ணி கொஞ்சம் வத்தி இறுகிடும். பிரஷ்ஷ வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு உதறிட்டு அரை நிமிஷம் சோப்பு மேல சுத்துங்க, முதல்ல வர்றது பசை மாதிரி வறண்டு இருக்கும், பயந்துடாதீங்க. விரல் நுனியால அஞ்சாறு சொட்டு தண்ணி தெளிச்சுக் குழைக்கணும், மறுபடி தெளிக்கணும், மறுபடி குழைக்கணும். பளபளப்பில்லாம மங்கலா இருந்த நுரை எப்ப ஈரமா மினுமினுன்னு பளபளக்குதோ, பிரஷ்ஷத் தூக்கினா நுனி வளைஞ்சு நிக்குதோ, அப்ப தாடில போடுங்க.