பொலிஸ் காவலில் 24 மணித்தியாலம்: எங்கிருந்து எண்ணுவது?

சனிக்கிழமை இரவு எட்டு மணி. செங்கலடிச் சந்தியில் நின்ற பொடியன் ஒருவனைப் பொலிஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போகிறது. தாய் பின்னால் ஓடிப்போய்க் கேட்டால், "அம்மா, நாளைக்கு ஞாயிறு. திங்கக்கிழமை கோட்டுக்கு வாங்க" என்று பதில் வருகிறது. அவரும் சரி என்று திரும்பிவிடுகிறார். இது உதாரணத்துக்காக நான் கட்டிய கதை. ஆனால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நீதிமன்ற வாசலில் காத்துக் கிடந்த எவருக்கும் அந்தப் பதில் புதிதல்ல.

அந்தப் பதில் பிழை. பிடியாணை இல்லாமல் கைது செய்த ஒருவரைத் தேவையற்ற தாமதமின்றி நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 36ஆம் பிரிவு. 37ஆம் பிரிவு அதற்கு எல்லை போடுகிறது: சூழ்நிலைக்கு நியாயமான நேரம் மட்டுமே வைத்திருக்கலாம், அதுவும் 24 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. கைது செய்த இடத்திலிருந்து நீதவானிடம் போகும் பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. ஞாயிறும் போயாவும் கணக்கில் வரும். விடுமுறை நாளில் சந்தேகநபர் பதில் நீதவானின் வாசஸ்தலத்தில் முன்னிலைப்படுத்தப்பட்டார் என்று பத்திரிகையில் அடிக்கடி வாசிக்கிறோமே, அது இதற்காகத்தான்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. 24 மணித்தியாலம் என்பது பொலிஸாருக்குக் கிடைத்த தவணை மாதிரிப் பேசப்படுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் முடியக்கூடிய வேலைக்கு இருபத்திமூன்று மணித்தியாலம் கூட்டில் வைத்திருந்தால், அதுவும் கேள்விக்குரியதே. களுத்துறைப் பொலிஸ் கல்லூரிக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் 37ஆம் பிரிவை இலக்கத்தோடு மனப்பாடம் செய்வார்கள். "நியாயமான" என்ற சொல்தான் அதில் முக்கியம் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் நல்லது.

சரி, மணிக்கூடு எப்போது ஓடத் தொடங்குகிறது? பொலிஸ் புத்தகத்தில் எழுதிய நேரத்திலிருந்து அல்ல, ஆள் சுதந்திரத்தை இழந்த நேரத்திலிருந்து. கைவிலங்கு போட்டால்தான் கைது என்றில்லை. "ஒரு சின்ன விசாரணை, வந்திட்டுப் போங்க" என்று கூட்டிப்போய், எழும்பிப் போக விடாமல் இருத்தி வைத்தால் அதுவும் கைதாகலாம் என்று உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை வழக்குகளில் ஏற்றிருக்கிறது. ஆகவே வீட்டார் செய்ய வேண்டிய முதல் வேலை அழுவதல்ல (அழுகை வரத்தான் செய்யும்). பிடித்த இடம், நேரம், கூட்டிப்போன பொலிஸ் நிலையம் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி வைப்பது. கைபேசியில் அந்த நேரத்து அழைப்புப் பதிவு இருந்தால் அதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கைது செய்யும்போது காரணம் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரையே அதைக் கேட்கிறது. "ஸ்டேஷனுக்கு வந்தாத் தெரியும்" என்பது காரணமல்ல. பெண்ணைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்தான் செய்யலாம்.

நம் பக்கத்தில் உண்மையான சிக்கல் மொழி. அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. முறைப்பாடு கொடுப்பவர் வாயால் சொன்னால், அவர் சொல்லும் மொழியிலேயே அதை எழுதி வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு. அந்த மொழியில் எழுத அதிகாரிக்கு இயலாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கும் எழுத முடியாவிட்டால்தான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம், பிறகு அவருக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லிக்காட்ட வேண்டும். நடைமுறையில் மூன்றாவது படியிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். 'என்ட்ரி' போடப் போகிறவர் தன் முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போனால் பாதித் தொல்லை தீரும். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைக்கச் சொன்னால், "வாசிச்சு விளங்கப்படுத்துங்க ஐயா" என்று மரியாதையாகக் கேட்கலாம். அப்படிக் கேட்பது கடமைக்கு இடையூறு ஆகாது.

பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இது, 1895இலிருந்து இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதைக்கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் 27ஆம் பிரிவின்கீழ் வழக்கில் வரும். அடித்து வாங்கும் வாக்குமூலத்துக்கு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை முழுத்தடை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை தனிக் குற்றம். மேல் நீதிமன்றத்தில் நிரூபணமானால் 7 முதல் 10 ஆண்டு வரை சிறை. பொலிஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதையும் இலக்கத்தோடு நினைவில் வைத்திருக்கட்டும். காயம் இருந்தால் நீதவானிடம் அங்கேயே சொல்ல வேண்டும், ஒரு கிழமை கழித்து அல்ல.

சட்டத்தரணியைப் பொலிஸ் நிலையத்துக்கே அனுப்பலாம். அங்கே கட்சிக்காரர் சார்பில் பேச அவருக்கு இடமுண்டு. 2012இல் அதற்கென விதிகளும் வந்தன. காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிணை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதை விதியாகவும் மறுப்பதை விலக்காகவும் வைத்திருக்கிறது. பிணை வழங்கக்கூடிய குற்றமென்றால் பொறுப்பதிகாரியே எழுத்து உறுதி வாங்கிக்கொண்டு விடலாம்.

இதுவரை சொன்னது சாதாரணச் சட்டம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பிடித்தால் கணக்கே வேறு. 72 மணித்தியாலம் வரை வைத்திருக்கலாம். தடுப்புக்காவல் உத்தரவு வந்தால் ஒரு தடவைக்கு 3 மாதம், 2022 திருத்தத்தின் பின் மொத்தம் 12 மாதம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ எடுக்கும் ஒப்புதலும் சாட்சியமாகும். ஆனால் அப்படிக் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

கடைசியாக இன்னொரு மணிக்கூடு, இது நம்மைக் கட்டுவது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டைக் கையில் வைத்திருப்பது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்றும் காட்ட வேண்டி வரும். ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, அவசர தொலைபேசி இலக்கம் 1996. எழுதி வைத்த அந்தத் துண்டையும் கூடவே கொண்டுபோங்கள். முதலில் கேட்பது நேரத்தைத்தான்.