வைல்ட்கேட் தோட்டா: காட்டுப்பூனைக்கு இங்கே வேலை இல்லை

முதலில் ஒரு திருத்தம். 'தோட்டா பாய்ந்தது' என்று செய்திகளில் எழுதுவது பழகிவிட்டது. உண்மையில் பாய்வது குண்டு மட்டுமே. குண்டு, வெடிமருந்து, பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. இந்த வேறுபாடு தெளிவானால்தான் 'வைல்ட்கேட்' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பது விளங்கும், ஏனெனில் அது முதன்மையாகக் கூட்டைப் பற்றிய சொல்.

தொழிற்சாலைத் தோட்டா ஒன்றின் கூட்டை எடுத்து, அதன் கழுத்தைக் குறுக்கியோ அகட்டியோ, கழுத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தோளின் சரிவை மாற்றியோ, நீளத்தைக் குறைத்தோ, துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் தாமே வகுத்த அளவில் உருவாக்கும் தோட்டாவே வைல்ட்கேட். அமெரிக்காவில் 1926இல் தோன்றிய சாமி என்னும் உற்பத்தியாளர் அமைப்போ, ஐரோப்பாவின் சி.ஐ.பி. அமைப்போ அதற்கு அளவு வகுத்திருக்காது. கடையில் வாங்கவும் கிடைக்காது. துப்பாக்கியை வைத்திருப்பவரே கூட்டை உருமாற்றி, மருந்திட்டுக் கொள்ள வேண்டும்.

சொல்லின் பிறப்பு வேட்டைக்களத்தில் நிகழவில்லை. மிச்சிகன் மாநிலம் 1837இல் வங்கி தொடங்குவதை எளிதாக்கிச் சட்டம் இயற்றியபின் முளைத்த, கையிருப்பு இல்லாமலே நோட்டு அச்சிட்ட வங்கிகளை மக்கள் 'வைல்ட்கேட் வங்கி' என்றனர். காட்டுப்பூனை மட்டுமே உலவும் ஒதுக்குப்புறங்களில் அவை இருந்ததால் அப்பெயர் வந்தது என்று ஒரு கதையும் உண்டு. கதை சுவையானது, அதற்குமேல் அதை நம்பத் தேவையில்லை. பிறகு எண்ணெய் இருப்பது உறுதியாகாத நிலத்தில் தோண்டிய கிணறும், தொழிற்சங்கத் தலைமையின் ஒப்புதல் இல்லாமல் நடந்த வேலைநிறுத்தமும் அதே பெயரைப் பெற்றன. 'முறையான ஏற்புக்கு வெளியே நிற்பது' என்ற இந்தப் பொருளில்தான் அச்சொல் தோட்டாவுக்கும் வந்து சேர்ந்தது.

ஏற்பு பின்னாளில் கிடைப்பதும் உண்டு. 1906ஆம் ஆண்டின் .30-06 ராணுவத் தோட்டாவின் கழுத்தை ஏறக்குறைய கால் அங்குலக் குண்டுக்குக் குறுக்கி நீட்னர் என்ற கம்மியர் 1920 வாக்கில் அமைத்த .25-06, ஏறக்குறைய அரை நூற்றாண்டு வைல்ட்கேட்டாகவே இருந்து, 1969இல் ரெமிங்டன் நிறுவனத்தின் தோட்டாவாயிற்று. 1930களில் உருவான .22-250 அந்த ஏற்பை 1965இல் பெற்றது.

சொல்லிச் செய்வித்த பழைய ரைபிள் ஒன்று கைக்கு வரும்போது, இந்தச் சொல்லின் பொருள் வெறும் அகராதிச் செய்தியாக இருப்பதில்லை. குழலின் மேல் தோட்டாவின் பெயரெண் எதுவும் பொறித்திராமல் போகலாம்; பொறித்த எண், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையை மாற்றிக் குடைவதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். தோட்டாவின் அடி பொருந்தும் பூட்டு முகப்பின் அளவை நம்பினாலும் பயன் குறைவு, ஏனெனில் .30-06, 7x57 மௌசர், .250 சாவேஜ் ஆகிய மூன்றுக்கும் விளிம்பு விட்டம் ஒன்றே, 0.473 அங்குலம். பொருந்துமா என்று ஏதாவது ஒரு தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. சரியான வழி, அறையை அச்செடுப்பதுதான். செரோசேஃப் என்னும் பிஸ்மத் கலப்புலோகம் 70 முதல் 88 பாகை செல்சியசுக்குள் உருகும். அதை அறையில் ஊற்றினால் முதல் அரை மணி நேரம் சுருங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் அளவுக்கே திரும்பும். அப்போது அடி, தோள், கழுத்து ஆகியவற்றின் விட்டத்தையும் தோளின் கோணத்தையும் அளந்து, எந்தத் தாய்க்கூட்டிலிருந்து பிறந்தது என்று ஒப்பிட வேண்டும். தோள் 40 பாகைக் கோணத்தில் கூர்மையாகச் சரிந்து உடலின் சரிவு குறைந்திருந்தால், ஆக்லி என்ற கம்மியரின் பாணி என்று ஐயுறலாம். துப்பாக்கியோடு கூடு உருமாற்றும் அச்சுகளும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனித் தமிழ்ச்சொல். 'காட்டுப்பூனைத் தோட்டா' என்றோ, சங்கச் சொல்லை நாடி 'வெருகுத் தோட்டா' என்றோ எழுதினால் விலங்குதான் நினைவுக்கு வரும். 'தரமற்ற தோட்டா' என்பது மட்டமானது என்று பொருள்பட்டு நேர்மாறாகிவிடும். மிகுந்த கவனத்தோடு செய்தவை இவை. 'கள்ளத் தோட்டா' சட்டமீறலைச் சுட்டுகிறது. 'மாற்றுருத் தோட்டா' என்பது கவர்ச்சியான சொல்தான், ஆனால் .25-06 கழுத்துக் குறுக்கிய உருவோடுதான் இன்றும் கடையில் விற்கிறது. மாற்றுரு அப்படியே இருக்க, வைல்ட்கேட் என்ற பெயர் மட்டும் அதைவிட்டுப் போய்விட்டது.

ஆகவே 'தனியுருத் தோட்டா' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. பொது அளவாகும் நாளில் தனித்தன்மை போய்விடும். சொல்லும் தானாக விலகிவிடும். ஆனால் 1930களில் .25-06க்குக் குடைந்த ரைபிள் இன்றும் தனியுருதான், அந்தக் கம்மியரின் குடைகருவியின் அளவு 1969இன் அளவோடு ஒத்துப்போகிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லாததால்.