கவுன்சில் குடியிருப்பில் தொல்லை தொடர்ந்தால்: இங்கிலாந்துச் சட்டம் தரும் உரிமைகள்

மாடிப்படியில் போதைப்பொருள் விற்பனை, விடியும்வரை ஓயாத இசை, வாசலில் கூடிநின்று மிரட்டும் கும்பல் என்று ஏதேனும் ஒரு தொல்லை தொடங்கும்போது, இங்கிலாந்தில் கவுன்சில் என்னும் உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீடுகளில் வாழ்வோருக்கு முதலில் எழும் குழப்பம் யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான். காவல்துறை கவுன்சிலின் வீட்டுவசதி அலுவலகத்தைக் கைகாட்டும். அந்த அலுவலகம் இரைச்சல் என்றால் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பும். அந்தப் பிரிவோ மிரட்டல் காவல்துறையின் வேலை என்று திருப்பி அனுப்பும். இந்த அலைக்கழிப்பிலேயே பலர் சோர்ந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவ்வாறு விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்காகவே இந்த விளக்கம்.

இத்துறையின் அடிப்படைச் சட்டம் 2014 ஆம் ஆண்டின் சமூகவிரோத நடத்தை, குற்றம் மற்றும் காவல் சட்டம். பொதுவிடத்தில் நடப்பது சமூகவிரோத நடத்தை எனக் கொள்ளப்பட, அது ஒருவருக்குத் துன்புறுத்தலோ அச்சமோ மனவேதனையோ விளைவித்திருக்க வேண்டும், அல்லது விளைவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவர் தம் வீட்டில் குடியிருப்பதற்கே இடைஞ்சலாக வரும் நடத்தைக்கு அளவுகோல் இதைவிடத் தாழ்வானது. தொல்லையோ எரிச்சலோ தரக்கூடியதாக இருந்தாலே போதும். கவுன்சில் குடியிருப்பாளருக்கு இந்த வேறுபாடு பெரிய வலிமை. அதற்காகக் குழந்தையின் அழுகை, சமையல் வாசனை, மேல்தளத்தில் நடக்கும் காலடியோசை போன்ற அன்றாட வாழ்வின் ஒலிகளையும் மணங்களையும் வீட்டு உரிமையாளர்கள் பொதுவாக இதில் சேர்ப்பதில்லை.

உயிருக்கு ஆபத்து என்றாலோ குற்றம் நடந்துகொண்டிருந்தாலோ 999, அவசரமற்ற குற்றங்களுக்கு 101, பெயர் சொல்லாமல் தகவல் தர விரும்பினால் கிரைம்ஸ்டாப்பர்ஸ் அமைப்பின் 0800 555 111. எங்குச் சொன்னாலும் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நாள், நேரம், என்ன நடந்தது, அதனால் உங்களுக்கு நேர்ந்த பாதிப்பு என்ன என்பதை அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வாய்ச்சொல்லாக நின்றுவிடும் முறைப்பாட்டைப் பின்னாளில் மெய்ப்பிப்பது கடினம்.

அந்தப் பதிவுகள் மிகவும் கைகொடுக்கும் இடம் சமூகவிரோத நடத்தை வழக்கு மறுஆய்வு. இதை முன்பு சமூகத் தூண்டுகை என்று அழைத்தார்கள். இதன் பின்னே ஒரு துயரம் உண்டு. லெஸ்டர்ஷயரில் ஒரு தாயும் மாற்றுத்திறனாளியான அவருடைய மகளும் இளைஞர் கும்பல் ஒன்றால் ஆண்டுக்கணக்கில் துன்புறுத்தப்பட்டு, 2007 ஆம் ஆண்டில் உயிரிழந்தார்கள். பலமுறை காவல்துறையை அழைத்தும், ஒவ்வோர் அழைப்பும் தனித்தனிச் சிறு நிகழ்வாகவே பார்க்கப்பட்டிருந்தது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. துண்டு துண்டாகக் கிடக்கும் முறைப்பாடுகளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் செய்வதே இந்த மறுஆய்வின் நோக்கம்.

தகுதிக்கான வரம்பை ஒவ்வொரு பகுதியும் தானே வகுத்துக்கொள்கிறது என்றாலும், ஆறு மாதத்தில் மூன்று முறைப்பாடுகள் என்பதைவிட அதை உயர்த்தக்கூடாது என்று அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. பொதுவாக, நிகழ்வு நடந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டிருக்க வேண்டும். முறையிட்ட ஆறு மாதத்துக்குள் மறுஆய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலும், நடத்தை எவ்வளவு விடாப்பிடியானது, அதனால் விளைந்த தீங்கு என்ன, அலுவலகங்கள் போதிய நடவடிக்கை எடுத்தனவா என்பவற்றைக் கருதி ஏற்றுக்கொள்ள இடமுண்டு. பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலோடு வேறொருவரும் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெற்றோருக்காகப் பிள்ளைகளோ, பகுதியின் கவுன்சிலரோ, நாடாளுமன்ற உறுப்பினரோ இதைச் செய்யலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் கவுன்சில், காவல்துறை, உள்ளூர் சுகாதார அமைப்பு, சமூக வீட்டுவசதி நிறுவனங்கள் ஆகியவை கூடி இதுவரை நடந்ததை ஆராய்ந்து, பரிந்துரைகளை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பரிந்துரைகள் கட்டளைகள் அல்ல. ஆனால் பொது அமைப்புகள் அவற்றைக் கருத்தில் கொண்டே ஆகவேண்டும்.

நடவடிக்கை என்று வரும்போது அலுவலகங்களின் கையில் பல கருவிகள் உள்ளன. பத்து வயது நிரம்பிய எவர்மீதும் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அதை மீறும் பெரியவருக்கு இரண்டு ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை உண்டு. பழிவாங்கலுக்கு அஞ்சும் அண்டைவீட்டார் ஒரு செய்தியை இங்கே அறிந்திருக்க வேண்டும்: இது உரிமையியல் வழக்கு என்பதால், அவர்கள் நீதிமன்றம் வராமலே அவர்கள் சொன்னதை வீட்டுவசதி அலுவலர் சாட்சியமாக முன்வைப்பதும் உண்டு. பலவீனமானவரின் வீட்டைப் போதைக் கும்பல் கைப்பற்றிக்கொண்டால், மூடல் ஆணை மூலம் அந்த வீட்டுக்குள் பிறர் நுழைவதை மூன்று மாதம்வரை தடுக்கலாம். நீட்டித்தால் மொத்தம் ஆறு மாதம்.

கடைசி ஆயுதம் வீட்டை விட்டு வெளியேற்றுவது. வழக்கமான காரணங்களில், வெளியேற்றுவது நியாயமா என்று நீதிபதி எடைபோடுவார். ஆனால் கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றது, தடையாணையை மீறியது, 48 மணிநேரத்துக்கு மேல் வீடு மூடப்பட்டது போன்றவை நிரூபணமானால், 2014 ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்த முழுமையான காரணத்தின்கீழ் அந்த எடைபோடல் பெரும்பாலும் நின்றுவிடும். வீட்டில் தங்கியிருப்பவரோ விருந்தாளியோ செய்ததற்கும் வாடகைதாரரே பதில் சொல்ல நேரலாம் என்பதால், வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த முழுமையான காரணத்தின்கீழ் வெளியேற்ற அறிவிப்பு வந்தால் கவுன்சில் வாடகைதாரர் ஏழு நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம். இல்லத்துக்கான மனித உரிமையை முன்வைத்து, வெளியேற்றம் மிகையானது என்று வாதிடலாம் என உச்ச நீதிமன்றம் 2010 இல் மான்செஸ்டர் கவுன்சில் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. மனநோயோ ஊனமோ காரணமாக நடந்ததென்றால் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் பொருந்தும். ஏழு நாள் மிகக் குறுகிய காலம். கடிதத்தைப் பிரிக்காமல் வைக்காதீர்கள்.

கவுன்சிலே அசையாவிட்டால் அதன்மீது முறையிடலாம். தொல்லையைத் தெரிவிப்பது ஒன்று. அதைக் கவுன்சில் கையாண்ட விதத்தில் குறை காண்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் கவுன்சில்மீதான முறைப்பாடாகப் பதிவு செய்வார்கள் என்பதால், கடிதத்தில் அதை வெளிப்படையாக எழுதுங்கள். ஐந்து வேலைநாட்களுக்குள் பதிவு செய்து, அதன்பின் பத்து வேலைநாட்களுக்குள் முதற்கட்டப் பதிலும், மேல்முறையீட்டைப் பதிவு செய்தபின் இருபது வேலைநாட்களுக்குள் இரண்டாம் கட்டப் பதிலும் தரவேண்டும். சிக்கலான விவகாரங்களில் காரணம் கூறிச் சிறிது நீட்டிக்கலாம். அதன்பிறகும் நிறைவில்லையெனில், பன்னிரண்டு மாதங்களுக்குள் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிச் செல்லலாம். அங்கே ஆராயப்படுவது அண்டைவீட்டாரின் குற்றமன்று, கவுன்சில் தன் கடமையைச் செய்ததா என்பதே. அந்தக் கேள்விக்கு உங்கள் குறிப்பேட்டில் உள்ள நாட்களும் குறிப்பு எண்களும் நேரடிச் சான்றாகும்.