தூங்குமூஞ்சிப் பலகை தாம்பூலத் தட்டாகும் விதம்

நல்ல ரேகையுள்ள மரத்தட்டு ஒன்றை ஜன்னலோரம் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சற்றுமுன் கருத்துக் கிடந்த பட்டை பளிச்சென்று வெளுக்கும், பக்கத்துப் பட்டை மங்கும். விரலால் தடவினால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சாயமும் பூசவில்லை. பட்டுச் சேலையின் மடிப்பில் மினுமினுப்பு இடம் மாறுவதைப் போன்றதுதான் இது: இழை எப்படிக் கிடக்கிறதோ அப்படி ஒளி திரும்புகிறது.

மரம் என்பது நீளவாக்கில் நெருங்கிக் கிடக்கும் நுண்குழாய்களின் கட்டு. இந்தக் குழாயைத்தான் இழை என்கிறோம். வன்மரங்களில் ஓர் இழை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளம். பருமன் அதில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். பலகையை இழைக்கும்போது மேற்பரப்பில் உள்ள குழாய்கள் பிளந்து உட்சுவர்கள் வெளியே தெரிகின்றன. அந்தச் சுவரில் பட்ட ஒளி, குழாய் கிடக்கும் திசையைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட பக்கமாகத் தெறிக்கிறது. நேராக வளர்ந்த மரத்தில் எல்லா இழையும் ஒரே போக்கில் ஓடுவதால் பரப்பு அமைதியாக இருக்கும். இழைகள் அலையலையாக நெளிந்தாலோ, சில ஆண்டுகள் வலமாகவும் சில ஆண்டுகள் இடமாகவும் முறுக்கிக்கொண்டு வளர்ந்தாலோ, தட்டையாக அறுத்த பலகையில் சில இழைகள் மேல்நோக்கியும் சில உள்நோக்கியும் நிற்கும். கிளை பிரியும் கவட்டையில் இரண்டு ஓட்டங்கள் மோதி நெருக்கப்படும்போது இறகு விரித்தது போன்ற ரேகை கிடைக்கிறது. நம்மை மயக்கும் அழகு முழுவதும் இந்த ஒழுங்கின்மையிலிருந்து வருகிறது. தச்சரின் தொல்லை முழுவதும் அங்கிருந்தே வருகிறது.

பினாங்கில் தாம்பூலத் தட்டு செய்ய நான் பரிந்துரைக்கும் மரம் தூங்குமூஞ்சி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவுக்கு வந்த மரம் இது. இன்று ஜார்ஜ்டவுனின் பழைய சாலைகள் பலவற்றுக்கு நிழலே அதுதான். 2017 நவம்பரில் அடித்தது போன்ற புயல்மழையில் மரங்கள் சாயும். பாதுகாப்புக்காக வெட்டப்படுவதும் உண்டு. அந்தத் தண்டுகள் துண்டு துண்டாகிக் குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. உள்ளே பொன்னிறத்திலிருந்து அடர் பழுப்புவரை ஓடும் வைரம் என்னும் முதிர்ந்த உள்மரம், ஓரத்தில் வெளிறு என்னும் வெளிர் மஞ்சள் வெளிமரம். இரண்டும் சேர்ந்து வரும்படி அறுத்தாலே தட்டுக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. சாலையோர மரத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. யாரோ எப்போதோ அடித்த ஆணியை மரம் விழுங்கி வைத்திருக்கும். இரும்பும் மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்தால் கருநீலக் கறை படியும். அப்படிக் கறை கண்ட இடத்தில் வாளை ஓட்டுவதற்கு முன் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

தூங்குமூஞ்சியை நான் முன்னே நிறுத்துவதற்கு அழகு மட்டும் காரணமல்ல. ஈரம் வற்றும்போது அது மிகக் குறைவாகவே சுருங்குகிறது. பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: குழாய்களின் உட்குழிவில், குழாய்ச் சுவருக்குள். உட்குழிவு நீர் வெளியேறும்போது எடை குறையுமே தவிர மரம் அசையாது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்நீர் வெளியேறி, சுவர் மெலிந்து, பலகை சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம், அகலவாக்கில்தான் சிக்கல். அங்கும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வால்தான் பலகை குழிகிறது, நடுத்தண்டு வெடிக்கிறது. தூங்குமூஞ்சியில் இந்த இரண்டு அளவுகளும் முறையே 3.4, 2 விழுக்காடு அளவில்தான் இருக்கின்றன. பல வன்மரங்களில் முதல் அளவு மட்டுமே 8 விழுக்காட்டை எட்டும். ஹவாயில் இந்த மரத்தைப் பச்சையாகவே குடைந்து கிண்ணம் செய்ய முடிவதும் இதனால்தான்.

நம்மூர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பினாங்கின் வெளிக்காற்றில் நன்றாக உலர்ந்த மரம் 16 விழுக்காட்டு ஈரத்தோடு நிலைகொள்கிறது. ஏர்கோன் ஓடும் அறையில் அது 11 வரை இறங்கலாம். 30 சென்டிமீட்டர் அகலத் தட்டு இந்த இரண்டுக்கும் இடையே போய்வந்தால், தூங்குமூஞ்சி ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அசையும். 8 விழுக்காட்டு மரம் 4 மில்லிமீட்டர் அசையும். அந்த நான்கு மில்லிமீட்டரை ஒட்டுப்பசையால் பிடித்து நிறுத்த முடியாது. அடிப்பலகையின் இழைக்குக் குறுக்கே சட்டம் ஒட்டிய தட்டுகள் ஓரிரு ஆண்டில் விரிசல் விடுவது இதனால்தான். ஒரே பலகையில் விளிம்பையும் விட்டுக் குடைந்தெடுத்த தட்டில் எல்லா இழையும் ஒரே போக்கில் அசைவதால் சண்டையே இல்லை. பித்தளைக் கைப்பிடி வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள் திருகுத் துளையை நீள்வட்டமாக இடட்டும்.

குடைவதற்கு ரவுட்டர் என்னும் மரம் குடையும் மின்கருவி இருந்தால் வேலை சுலபம். ஒரே மூச்சில் ஆழம் போகாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டராகக் குறைக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு ஆழம் போனதும் நிறுத்திவிட்டு, சில நாள் தட்டை இருபுறமும் காற்றுப் படும்படி நிறுத்தி வையுங்கள். பலகையின் உட்பகுதி மேற்பரப்பைவிட ஈரமாக இருக்கும்; வளரும்போதே மரத்துக்குள் இறுகிய விசையும் இருக்கும். நடுவைக் குடைந்ததும் பழைய சமநிலை கலைந்து தட்டு லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை முதலில் வரவிட்டு, பிறகு அடியைச் சமப்படுத்தி, 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனில் முடிப்பதே சரி. பக்கவாட்டில் நீண்ட கிளையிலிருந்து வந்த பலகை என்றால் இன்னும் கவனம் தேவை. கிளை தன் பாரத்தைத் தாங்க மேற்பக்கத்தில் செல்லுலோஸ் மிகுந்த இழைகளை வளர்க்கிறது. அவை நீளவாக்கிலும் சுருங்கும், கருவி பட்டால் அறுபடாமல் பஞ்சுபோலக் கிளம்பும். தட்டுக்குத் தண்டுப் பலகையையே தேடுங்கள்.

இனி மேற்பரப்பு. இழைப்புளியின் அலகு வழக்கமாக 45 பாகையில் இருக்கும். இழை மேல்நோக்கி ஏறும் திசையில் தள்ளினால் சுருள் சுருளாகச் சீவல் வரும். அலைரேகைப் பலகையில் விரலளவு தூரத்துக்குள் அந்தத் திசை மாறிவிடுகிறது. எதிர்ப்பட்ட இழைக்குள் அலகு ஆப்பு இறங்கியது போல் நுழைந்து அதைத் தூக்குகிறது. அலகின் முனைக்கு முன்னாலேயே வெடிப்பு ஓடி, பரப்புக்குக் கீழிருந்து சிராயைப் பெயர்த்துவிடுகிறது. எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் ஏதாவதொரு பட்டை எதிர் இழையாகத்தான் இருக்கும். அலகை 60 பாகை அளவுக்கு நிமிர்த்தினால் அது இழையைத் தூக்குவதற்குப் பதில் முன்னோக்கி நசுக்கி, சீவலை அந்த இடத்திலேயே முறிக்கிறது. வெடிப்பு முன்னே ஓட வழியில்லை. அதிகம் தள்ள வேண்டும், அலகும் சீக்கிரம் மழுங்கும். இந்த வழியின் உச்சம் மெல்லிய எஃகுத் தகட்டால் சுரண்டுவது. தகட்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கியை மடித்துவிட்டால், எந்தத் திசை இழையையும் பெயர்க்காமல் தூசியை விட மெல்லிய சீவலாக எடுக்கும். உப்புத்தாளை மட்டுமே நம்புகிறவர்களுக்கு இதை நான் வற்புறுத்துவேன். சொரசொரப்பான துகள் இழைகளின் வாயைக் கீறி அடைத்துவிடும். மினுமினுப்பு பாதி அங்கேயே போய்விடும். போதாததற்கு மரத்தூசியை 1995இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசம் கட்டாயம்.

எண்ணெய் பட்டதும் ரேகை சட்டென்று ஆழம் கொள்வதற்கும் காரணம் உண்டு. காய்ந்த பரப்பில் காற்றுக்கும் மரச்சுவருக்கும் ஒளிவிலகல் எண்ணில், அதாவது ஒளியை வளைக்கும் அளவில், பெரிய வித்தியாசம்: காற்றுக்கு 1, சுவருக்கு 1.5க்குச் சற்று மேல். ஒளி மேலேயே சிதறி வெளுப்பாகத் தெரிகிறது. ஆளிவிதை எண்ணெயின் எண் 1.48. அது இடைவெளிகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே போய்ச் சாய்ந்த இழைகளின் சுவரில் பட்டுத் திரும்புகிறது. இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை; காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது, அப்போது வெப்பம் வெளிவிடுகிறது. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியே உலர்த்துங்கள். பலரும் விட்டுவிடும் அடிப்பக்கத்துக்கும் அதே அளவு எண்ணெய் பூசுங்கள். ஒரு முகம் மட்டும் ஈரம் குடித்தால் தட்டு குழியும். விருந்து முடிந்ததும் ஈர வெற்றிலையை எடுத்துவிட்டுத் துடைத்து, இருபக்கமும் காற்றுப் படும்படி செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் போதும்.