பொழியில் வள்ளம் மறிந்தால் எஞ்சின் மேல் பழி போடாதீர்கள்

இந்த ஆடியில் என் பட்டறைக்கு வந்த மூன்றாவது எஞ்சின் இது. மேல்மூடியைக் கழற்றியதும் இரண்டு கை மணல் கொட்டியது. கொண்டுவந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தோளில் கட்டு, நெற்றியில் தையல். ஆறு கடலில் சேரும் வாயான பொழியில் அவன் வள்ளம் கவிழ்ந்திருந்தது.

"எஞ்சின் சதிச்சிட்டுண்ணே. பொழியில வச்சு நின்னு போச்சு, அதான் வள்ளம் மறிஞ்சிட்டு."

பிரித்துப் பார்த்தேன். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்து கிடந்தது.

வள்ளத்தின் பின்பலகையில் மாட்டுகிற வெளிப்பொருத்து எஞ்சின் வேலை பார்க்கிற எவருக்கும் இதன் பொருள் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால்தான் ராடு இப்படி வளையும். பிஸ்டன் காற்றை நெருக்கும், தண்ணீரை நெருக்க முடியாது. முதலில் நின்று அப்புறம் மூழ்கின எஞ்சினில் உப்பும் மணலும் இருக்கும், ராடு நேராக இருக்கும். ஆக, வள்ளம் மறிகிற நொடி வரைக்கும் இந்த எஞ்சின் நன்றாக ஓடியிருக்கிறது. அதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அடுத்ததுக்கு பெரிய எஞ்சினா போட்டா தாண்டிரலாம்லா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். குமரிக் கடற்கரையில் தேங்காய்ப்பட்டினம் பக்கம் வாரத்துக்கு ஒருவராவது இதையே கேட்கிறார்கள்.

பெரிய எஞ்சின் என்றால் பெரிய எடை. அந்த எடை முழுக்கப் பின்பலகையில் தொங்கும். பின்பக்கம் தாழ்ந்த வள்ளத்துக்குள் பின்னாலிருந்து துரத்தி வரும் அலை எளிதாக ஏறும். சரி, வேகம் கிடைக்குமே என்பீர்கள். உடைந்த அலையின் நுரையில் பாதி காற்று. அதில் புரொப்பல்லருக்குப் பிடிமானம் கிடையாது. சத்தம் மட்டும் கூடும், வள்ளம் நகராது. நுரை விலகிப் பிடி கிடைத்தால் இன்னும் மோசம். ஃபுல் ரேஸில் அலை முதுகைத் தாண்டி அதன் முன்சரிவில் இறங்குவீர்கள். அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, கீழே குத்தும், பின்பக்கத்தை அலை தள்ளும், வள்ளம் குறுக்கே திரும்பும். குறுக்கே நின்ற வள்ளத்தை அடுத்த அலை உருட்டிவிடும். பத்து குதிரை சக்தி என்றாலும் நாற்பது என்றாலும் நடப்பது இதுதான். நாற்பதில் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும், அவ்வளவே.

மறிவதற்குக் காரணம் நீங்கள் உள்ளே நுழைந்த நேரம். கடல் வற்றும்போது ஆற்றுத் தண்ணீர் வெளியே பாயும், அலை உள்ளே வரும். இரண்டும் முட்டுகிற இடத்தில் அலை குறுகி, செங்குத்தாகி, மணல் மேட்டின் மேல் உடையும். இரண்டு மீட்டர் அலை உடைய இரண்டரை மீட்டர் ஆழம் போதும். நம் பொழியில் மணல் ஏறிக்கிடக்கிற நாட்களில் அந்த ஆழமே அதிகம். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். வெளியே இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தாலே பல நாட்களில் வழி மாறிவிடும். ஆனால் மலையில் மழை பெய்து, பேச்சிப்பாறை அணை திறந்து, குழித்துறை ஆறு கலங்கி வருகிற நாளில் ஏற்ற நேரத்தையும் நம்ப வேண்டாம். அன்றைக்கு ஆறு தள்ளிக்கொண்டே இருக்கும்.

பொழி வாயைத் தூர்வார வேண்டும், அலைத்தடுப்புச் சுவரைச் சரிசெய்ய வேண்டும் என்று நம் ஆட்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். முழுக்க நியாயமான கோரிக்கை. ஆனால் சுவர் மட்டும் போதாது. கேரளத்தில் வாமனபுரம் ஆறு கடலில் சேரும் முதலப்பொழியில் இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது. அங்கேயும் 2023 ஜூலை 10 அன்று ஒரே வள்ளத்தில் நான்கு பேர் இறந்துபோனார்கள். கேட்பதை விடாமல் கேட்போம். ஆனால் இன்றைக்கு மாலை கரைக்கு வர வேண்டியவன் இன்றைக்கு இருக்கிற பொழி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

காற்றில்லாத நாள் என்பதால் பயமில்லை என்பதும் தப்பு. கள்ளக்கடல் என்று சொல்கிற திடீர்ப் பேரலை பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கிளம்பி வருகிறது. இங்கே ஓர் இலை அசையாது. 2024 மே 6 அன்று நம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அந்த மாதிரி அலைதான். ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. போனில் வரும், பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள்.

இனி உள்ளே வருகிறவர்களுக்கு. பொழிக்கு வெளியே, அலை உடையாத இடத்தில் நிறுத்திப் பத்து நிமிடமாவது பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சின்ன ஓய்வு இருக்கும். கூட்டத்தின் கடைசி அலை போனதும் அதன் முதுகிலேயே, அதன் வேகத்திலேயே வாருங்கள். அதை முந்தாதீர்கள், பின்னால் வருவது உங்களைப் பிடிக்கவும் விடாதீர்கள். நுழைந்த பின் மனம் மாறித் திருப்பவே கூடாது. மண்ணெண்ணெயில் வெகுநேரம் மெதுவாக ஓடிய எஞ்சினில் பிளக் கரி பிடித்திருக்கும். வெளியிலேயே இரண்டு நிமிடம் ரேஸ் கொடுத்துச் சுத்தம் பண்ணிக்கொள்ளுங்கள். வலையைக் கட்டுங்கள், எல்லோரும் தாழ உட்காருங்கள், யாரும் கையில் கயிறு சுற்ற வேண்டாம். வெளியே போகும்போது அலைக்கு அணியத்தைக் காட்டுங்கள். உச்சியில் ஏறியதும் ரேஸைக் குறையுங்கள், பறக்காதீர்கள்.

அந்தச் சிவப்புக் கயிறு. ஓட்டுகிறவன் தன் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டிய, அவிழ்ந்தால் எஞ்சினை நிறுத்துகிற கயிறு. வருகிற எஞ்சின்களில் பாதியில் அது எஞ்சினிலேயே நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஓட்டுகிறவன் கடலில் விழுந்த பிறகும் புரொப்பல்லர் சுற்றிக்கொண்டிருக்கும், வள்ளம் வட்டமடித்து அவன் மேலேயே வரும். அதன் காயத்தை ஒரு முறை பார்த்துவிட்டேன். முன்பெல்லாம் "அது தொல்லையா இருக்குண்ணே" என்று கேட்டவர்களுக்கு கயிறு இல்லாமலே எஞ்சின் ஓடும்படி நானே நேரடி வயர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இனி யார் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும் செய்ய மாட்டேன். ஏற்கெனவே என்னிடம் போட்டவர்கள் கொண்டுவாருங்கள், காசில்லாமல் பழையபடி மாற்றித் தருகிறேன்.

லைஃப் ஜாக்கெட் வலை இழுக்க இடைஞ்சல் என்பது எனக்கும் தெரியும். கடலில் கழற்றி வையுங்கள். பொழி தெரியும்போது போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பத்து நிமிடத்துக்காவது, மக்களே. ஆபத்தில் கூப்பிட 1093 கடலோரக் காவல் போலீஸ், 1554 இந்தியக் கடலோரக் காவல்படை. இரண்டையும் எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.

தம்பியின் எஞ்சினுக்கு ராடு வர நாலு நாள் ஆகும். எடுக்க வரும்போது லைஃப் ஜாக்கெட்டையும் கூடக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கொக்கிகள் பூட்டுகிறதா என்று நான் பார்த்த பிறகுதான் எஞ்சினைத் தூக்கிக் கொடுப்பேன்.