தக்காளியை ஒதுக்கியவரும் இரண்டு வரிசைக் கத்தரியும்

மதுரையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மூன்று மாதத்தில் சர்க்கரை எகிறியிருந்தது, மலச்சிக்கல் வேறு. என்ன சாப்பிடுகிறீர்கள் ஐயா என்று கேட்டதும் செல்போனை எடுத்துக் காட்டினார். யாரோ அனுப்பிய பட்டியல். தக்காளி, பப்பாளி, கேரட், விதையில்லாத் திராட்சை, தர்பூசணி எல்லாம் "மரபணு மாத்தினதாம்", அதனால் நிறுத்திவிட்டாராம். மிச்சம் இருந்தது சோறு, மோர்க்குழம்பு, அப்பளம். அப்புறம் மாலையில் தினமும் ஒரு டம்ளர் பருத்திப்பால்.

மரபணு மாற்றுப் பயிர் என்றால் வேறோர் உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இருந்த எதுவும் இங்கே அப்படி விற்பனைக்கு வருவதில்லை. கடைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றில் சேர்த்து எடுத்த விதை, அவ்வளவுதான். விதையில்லாத் திராட்சை குச்சி நட்டு வளர்ப்பது. ஹவாய் தீவில் 1998 முதல் மரபணு மாற்றுப் பப்பாளி பயிராகிறது. நம் சந்தைப் பப்பாளி அதுவல்ல. நாட்டு ரகம் இல்லாததெல்லாம் மரபணு மாற்றியது என்ற நினைப்பு எங்கும் பரவிக் கிடக்கிறது. அதனால் தட்டில் காய்கறி குறைந்துபோவதை வாராவாரம் பார்க்கிறேன்.

இந்தியாவில் விவசாயிகள் சட்டப்படி பயிரிடும் ஒரே மரபணு மாற்றுப் பயிர், காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்தி. 2002-இல் அனுமதி கிடைத்தது. இன்று இங்கே விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். ஆகவே பருத்திப்பாலுக்கு ஊறவைக்கும் கொட்டையும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். இதைச் சொன்னதும் ஆசிரியர் முகம் வெளிறிவிட்டது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை ஐயா என்று விளக்கினேன்.

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம்தான் பி.டி. அது உண்டாக்கும் புரதம், புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் வேலை செய்யும். நம் வயிற்றிலோ அமிலம். அந்தப் புரதம் சீக்கிரமே செரித்துவிடும். அது ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. பருத்திப்பாலில் அவர் யோசிக்க வேண்டியது அதில் கரைந்திருக்கும் வெல்லத்தை. அவர் போட்டுக்கொள்ளும் இன்சுலினும்கூட மனித மரபணுவை நுண்ணுயிரிக்குள் வைத்துத் தயாரிப்பதுதான். 1982 முதல் மருத்துவத்தில் இருக்கிறது.

அதற்காக எல்லாமே பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தபோது, அந்தக் கொட்டையின் ஒவ்வாமையும் கூடவே வந்துவிட்டது என்று 1996-இல் தெரியவந்தது. சந்தைக்கு வருமுன்பே கைவிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தைக் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்திருந்தார்கள். அதுவும் பி.டி. வகைதான், ஆனால் அதிலிருந்த புரதம் எளிதில் செரிக்காதது. 2000-இல் அது மனிதர் சாப்பிடும் பண்டங்களிலும் கலந்திருந்தது தெரிந்து, அவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஒவ்வாமை வந்ததாகச் சொன்னவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் அந்தப் புரதம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் பயிருக்குப் பயிர், புரதத்துக்குப் புரதம் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

யார் சோதிப்பது என்பதும் முக்கியம். பி.டி. கத்தரிக்கு 2009-இல் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார். சுயேச்சையான சோதனைகள் போதாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அது நியாயமான காரணம் என்றே இன்றும் நினைக்கிறேன். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம். அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் விளையும் சோயா கிட்டத்தட்ட முழுக்க மரபணு மாற்றியது. நாம் வாங்கும் சோயா எண்ணெயில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக மிஞ்சாது, சரி. ஆனால் பொட்டலத்தில் 'ஜி.எம்.' (மரபணு மாற்றியது) என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தும், எங்கள் தெரு மளிகைக்கடையில் அந்த எழுத்தை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை.

கத்தரிக்காயில் என்னை உறுத்துவது வேறொன்று. பக்கத்துக் கிராமத்திலிருந்து ரத்த அழுத்தத்துக்காக வரும் ஒரு அம்மா கத்தரி போடுகிறவர். காயைத் துளைக்கும் புழுவான காய்த்துளைப்பானுக்கு வாரம் ஒருமுறை, சில சமயம் இரண்டு முறை மருந்தடிப்பார்களாம். "வீட்டுக்குன்னு ரெண்டு வரிசையில மட்டும் அடிக்க மாட்டோம் மேடம்" என்றார். 2014-இலிருந்து பி.டி. கத்தரி பயிரிடும் வங்கதேசத்தில் தெளிப்பு குறைந்ததாக அங்கே நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நம் பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புச் சக்தி பெற்றுத் திரும்பி வந்ததையும் பார்த்துவிட்டோம். மரபணு பற்றி இவ்வளவு கேட்கிறவர்களில் ஒருவர்கூட என்னிடம் மருந்தடிப்பு பற்றிக் கேட்டதில்லை.

காய்களை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேலே படிந்ததில் ஒரு பகுதி போகும்; உள்ளே ஊடுருவியது போகாது. ஒரே காயைத் தினமும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். ஆனால் காய்கறியையே நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர் தக்காளிக்கும் கேரட்டுக்கும் திரும்பிவிட்டார். பருத்திப்பால் வாரம் ஒருமுறை, வெல்லம் இல்லாமல்.

போன மாதம் அந்த அம்மா தன் இரண்டு வரிசையிலிருந்து ஒரு பை கத்தரிக்காய் கொண்டுவந்து தந்தார். நாலில் ஒன்றில் துளை இருந்தது. புழு அரித்த பக்கத்தை நறுக்கிப் போட்டுவிட்டு, மீதியில் குழம்பு வைத்தேன்.